ஐம்பதைத் தாண்டிய பிஸ்டல் ஷூட்டர்: அந்த இரண்டு நொடி எங்கே போகிறது?

பிராக்டிகல் ஷூட்டிங் என்ற, ஓடி ஓடிச் சுடும் பிஸ்டல் போட்டி. 25 வயதுக்காரர் ஒரு ஸ்டேஜை, அதாவது இலக்குகள் வைத்த ஒரு சுற்றை, ஓடிச் சுட்டு முடிக்கிறார். அடுத்து 60 வயதுக்காரர் போகிறார். டைமரில் இரண்டு நொடி கூடுதல். சுற்றி நிற்பவர்கள் "வயசாயிடுச்சுல்ல" என்று சொல்லிவிட்டு இலக்குகளில் ஸ்டிக்கர் ஒட்டப் போய்விடுவார்கள். அந்த இரண்டு நொடி எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அந்த 60 வயதுக்காரரே கேட்பதில்லை. வீட்டுக்குப் போய், ஹோல்ஸ்டரிலிருந்து துப்பாக்கியை இன்னும் வேகமாக உருவப் பழகுவார். தொலைத்தது தோட்டத்தில், தேடுவது திண்ணையில்.

துப்பாக்கி சுடுதலுக்கு வயது ஒரு பொருட்டில்லை என்று ஒரு பேச்சு உண்டு. சுவீடனின் ஓஸ்கார் ஸ்வான் 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 72 வயதில் வெள்ளி வாங்கியதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அவர் சுட்ட போட்டியில் ஓடியது மான் உருவம். ஸ்வான் நின்ற இடத்தில் நின்று சுட்டார். பிராக்டிகல் ஷூட்டிங்கில் இலக்குகள் பெரும்பாலும் நிற்கும், ஓடுவது நாம்தான். 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில், இந்த விளையாட்டை உலக அளவில் நடத்தும் ஐபிஎஸ்சி அமைப்பு உருவானபோது அதன் முதல் தலைவரான ஜெஃப் கூப்பருக்கு வயது 56. அந்த விளையாட்டின் லத்தீன் முழக்கத்தில் மூன்று சொற்கள்: துல்லியம், வலிமை, வேகம். இந்த மூன்றில் வயது எதைத் தொடுகிறது, எவ்வளவு தொடுகிறது என்பதைத் தனித்தனியாகப் பார்க்காமல் "வயசாயிடுச்சு" என்று மொத்தமாகச் சொல்வதால்தான் பயிற்சி தவறான திசையில் போகிறது.

முதலில் மதிப்பெண் முறை. இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் உட்காரும். காகித இலக்கில் ஏ, சி, டி என்று மூன்று பகுதிகள். ஏ-யில் பட்டால் 5 புள்ளி. மைனர் வகைத் தோட்டா என்றால் சி-க்கு 3, டி-க்கு 1. அதிக உதைப்புள்ள மேஜர் வகை என்றால் சி-க்கு 4, டி-க்கு 2. படாமல் போனால் 10 புள்ளி கழிவு. மொத்தப் புள்ளியை, எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். அந்த ஸ்டேஜில் யாருடைய ஹிட் ஃபேக்டர் அதிகமோ அவருக்கு முழு மதிப்பெண். மற்றவர்களுக்கு அவரோடு ஒப்பிட்ட சதவீதம்.

ஆக, ஹிட் ஃபேக்டர் என்பது ஒரு நொடியின் விலை. 6 என்ற ஹிட் ஃபேக்டரில் ஓடும் ஸ்டேஜில் ஒரு நொடி 6 புள்ளிக்குச் சமம். மைனரில் ஏ-க்குப் பதில் சி பட்டால் போவது 2 புள்ளி, அதாவது மூன்றில் ஒரு பங்கு நொடி. ஒரு குண்டு தவறினால் கிடைக்க வேண்டிய 5-ம் போய், கழிவு 10-ம் சேர்ந்து 15 புள்ளி, அதாவது இரண்டரை நொடி. முழங்கால் நன்றாக இருந்த காலத்தில்கூட ஓடி ஈடுகட்ட முடியாத நேரம் அது.

இப்போது ஒரு ஸ்டேஜை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, ஆனால் உள்ளூர்ப் போட்டிகளில் பார்க்கக்கூடியவைதான். 12 காகித இலக்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டு, ஆக 24 குண்டு, 120 புள்ளி. சுடுவதற்கு ஐந்து நிலைகள், அதாவது நின்று சுடும் ஐந்து இடங்கள். இளைஞர் 17 நொடியில் முடிக்கிறார். 17 ஏ, 7 சி, ஆக 106 புள்ளி. ஹிட் ஃபேக்டர் 6.24. பெரியவர் 19 நொடி எடுக்கிறார். 22 ஏ, 2 சி, ஆக 116 புள்ளி. ஹிட் ஃபேக்டர் 6.11. டைமரைப் பார்த்தால் இரண்டு நொடி பெரிய இடைவெளி. மதிப்பெண்ணில் பார்த்தால் பெரியவருக்கு ஏறக்குறைய 98 சதவீதம் கிடைத்துவிட்டது.

அந்த இரண்டு நொடியைப் பிரித்துப் பார்க்கலாம். ஹோல்ஸ்டரிலிருந்து உருவி முதல் குண்டு போட இளைஞருக்கு 1.1 நொடி, இவருக்கு 1.3. அது 0.2. காது கேட்டுக் கை அசையும் நேரம் வயதோடு கூடுவது நொடியின் சில நூறில் ஒரு பங்கு; அதுவும் இதற்குள்ளேயே அடங்கிவிட்டது. ஒரே இலக்கில் இரண்டாவது குண்டுக்கு இவருக்குக் கூடுதலாக ஆவது 0.02 நொடி, பன்னிரண்டு தடவைக்கு கால் நொடி. மிச்சம் ஒன்றரை நொடிக்கு மேல் இருக்கிறதே, அது முழுவதும் நிலை மாறுவதில் போகிறது. ஐந்து நிலை என்றால் நான்கு நகர்வு. ஒவ்வொன்றிலும் 0.4 நொடி.

உருவும் வேகத்தை இரவு பகலாகப் பழகி 0.1 நொடி குறைத்தாலும் எட்டு ஸ்டேஜ் போட்டியில் மொத்த லாபம் 0.8 நொடி. நகர்வில் தலா 0.1 குறைத்தால் லாபம் மூன்று நொடிக்கு மேல். இருந்தாலும் எல்லோரும் உருவுவதையே பழகுகிறோம். அதைச் சின்ன அறையில் பழகலாம், கண்ணாடி முன்னால் நின்றால் பார்க்க அழகாகவும் இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அதே ஸ்டேஜில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. மூன்றாவது நிலைக்குப் போகாமலே, இரண்டாவது நிலையிலிருந்து கொஞ்சம் தூரத்தில் ஒரு இடுக்கு வழியாக அந்த இரண்டு இலக்குகளும் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து சுட்டால் குறி பார்க்க 0.6 நொடி கூடுதலாகும். ஆனால் ஒரு நிலை மிச்சம். அந்த நிலைக்குப் போய் நின்று கிளம்புவது இளைஞருக்கு 1.2 நொடி. தூரத்திலிருந்து சுட்டால் அவருக்கு இன்னும் இரண்டு சி விழும். 16.4 நொடி, 102 புள்ளி, ஹிட் ஃபேக்டர் 6.22. முன்பு 6.24. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பெரியவருக்கு அதே நிலை மாற்றம் 1.9 நொடி பிடிக்கும். தூரச் சுடுதலில் ஒரு சி கூடும். 17.7 நொடி, 114 புள்ளி. ஹிட் ஃபேக்டர் 6.44. இளைஞரை முந்திவிட்டார்.

ஒரே ஸ்டேஜ், இரண்டு உடம்பு, இரண்டு சரியான திட்டம். போட்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதற்கு நேர்மாறு. அணியில் யார் வேகமோ அவர் போட்ட திட்டத்தை எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அவர் நான்கு எட்டு வைத்துக் கிட்டே போய் 'தட தட' என்று சுட்டுவிட்டு வருவது அவருடைய காலுக்குப் பொருந்தும் கணக்கு. அதே திட்டத்தை மெதுவாக ஓடினால் அவருடைய ஆட்டத்தின் மங்கலான நகல்தான் மிஞ்சும். பல வருடம் சுட்டவரிடம் துல்லியம் இருக்கிறது. தூரத்து இலக்கைக் கண்டு பதற்றம் வருவதில்லை. தன்னிடம் எது மலிவோ அதைச் செலவழிக்கும் திட்டத்தை அவர் போட வேண்டும்.

அதற்குச் சில அளவுகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தனக்கு ஐந்து எட்டு நகர்ந்து நின்று முதல் குண்டு போட எவ்வளவு ஆகிறது? 20 மீட்டரில் இரண்டு ஏ போட எவ்வளவு? பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்தால்? ஒரு நாள் டைமரோடு ரேஞ்சுக்குப் போய் அளந்து நோட்டில் எழுதி வைத்தால், ஸ்டேஜைச் சுற்றிப் பார்க்கும் மூன்று நான்கு நிமிடத்தில் மனக்கணக்கே போதும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப அளக்க வேண்டும். எண்கள் நகரும், எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, கண்ணுக்கு வருவோம். என் கணிப்பில் 45-ஐத் தாண்டியவர்கள் இந்த விளையாட்டை விடுவதற்குக் காலைவிடக் கண்தான் பெரிய காரணம். வெள்ளெழுத்து என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதைக் குவிக்க முடியாமல் போவது. 40 வயதையொட்டி ஆரம்பிக்கும், யாரையும் விடாது. பிஸ்டலின் முனையிலுள்ள முன்குறி கண்ணிலிருந்து ஏறக்குறைய 65 சென்டிமீட்டரில் இருக்கும். இளைஞரின் கண் குறிக்கும் இலக்குக்கும் இடையே நினைத்த மாத்திரத்தில் போய் வரும். நமக்கு முன்குறி புகைபோல் ஆகிவிடும். இரண்டு குறி தெரிவதாகக்கூடச் சிலர் சொல்வார்கள்.

முதலில் எல்லோரும் செய்வது, படிக்கும் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பது. அது வேலைக்காகாது. படிக்கும் கண்ணாடி 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு. முழு வெள்ளெழுத்துக்கு அது 2.5 டயாப்டர். 65 சென்டிமீட்டருக்குத் தேவை 1.5 தான். அதையும் முழுதாகப் போட்டால் முன்குறி கத்திபோல் தெரியும், இலக்கு பழுப்பு நிறக் கறையாகிவிடும். பல பேர் கடைசியில் வந்து நிற்பது 0.75-க்கும் 1-க்கும் இடையில். பகல் வெளிச்சத்தில் கண்ணின் பாப்பா சுருங்கியிருக்கும், அதனால் குவியத்தின் ஆழம் கூடும். முன்குறியின் விளிம்பு போதுமான அளவு கூர்மையாகவும், இலக்கு அடையாளம் தெரியும் அளவுக்கும் இருக்கும். இரண்டும் முழுமையாக இருக்காது. சுடுவதற்கு அது போதும்.

ப்ரோக்ரெசிவ் கண்ணாடி போட்டவருக்கு வேறு தொல்லை. கிட்டப் பார்வைக்கான பவர் லென்ஸின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. சுடும்போது தலை முன்னே சாய்ந்து, பார்வை லென்ஸின் மேல்பகுதி வழியாகப் போகிறது. முன்குறியைத் தெளிவாகப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும். தூக்கினால் கழுத்தும் தோளும் பின்னுக்குப் போய் உதைப்பைத் தாங்கும் நிற்பே கெட்டுவிடும். வீடியோவில் பார்த்தால் அந்தத் தூக்கிய மோவாய் உடனே தெரியும். இதற்கு ஒரே பவர் லென்ஸ் போட்ட, சிதறல் தாங்கும் பாதுகாப்புக் கண்ணாடி தனியாக வேண்டும். கண் மருத்துவரிடம் "துப்பாக்கி சுட" என்று சொன்னால் அவர் தூரப் பார்வைக்கு எழுதிவிடுவார். சுடும் நிலையில் நின்று, கண்ணிலிருந்து முன்குறி வரை ஒருவரை டேப் வைத்து அளக்கச் சொல்லி அந்த எண்ணைக் கொண்டுபோவது நல்லது. அளக்கும்போது துப்பாக்கி காலியா என்று இருவரும் பார்த்திருக்க வேண்டும். சிலர் குறி பார்க்கும் கண்ணுக்கு முன்குறி தூரமும், மற்றக் கண்ணுக்கு இலக்குத் தூரமும் வைத்துக்கொள்வார்கள். மூளை இரண்டையும் சேர்த்துவிடும், ஆனால் ஒரு வாரமாவது தலை சுற்றும். சிலருக்குக் கடைசிவரை சேராது.

இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றால் ரெட் டாட், அதாவது சின்ன லென்ஸில் ஒளிப்புள்ளி காட்டும் குறிக்கருவி. லென்ஸில் தெரியும் புள்ளி ஒளியியல்படி வெகுதூரத்தில் இருப்பதுபோல் அமைக்கப்பட்டிருப்பதால், கண் இலக்கைப் பார்த்தால் போதும். புள்ளி அதன் மேல் வந்து உட்காரும். வெள்ளெழுத்துக்கு இங்கே வேலையே இல்லை. ஐபிஎஸ்சியில் ப்ரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ், அமெரிக்க அமைப்பான யூஎஸ்பிஎஸ்ஏ-வில் கேரி ஆப்டிக்ஸ் போன்ற பிரிவுகள் வந்த பிறகு, முன்குறி தெரியாமல் ஒதுங்க இருந்தவர்களுக்கு ஒரு வழி திறந்தது.

ஆனால் இதிலும் இரண்டு சிக்கல். ஒன்று, சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவருக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாது. வால் முளைத்தோ திராட்சைக் கொத்து போலவோ தெரியும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், போனில் அந்தப் புள்ளியைப் படமெடுத்துப் பார்க்கலாம். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு கண்ணில். வெளிச்சத்தைக் குறைத்தால் பாதி சரியாகும். சிலிண்டர் பவர் சேர்த்த கண்ணாடி மீதியைச் சரிசெய்யும். இரண்டாவது, பழக்கம். இருபது வருடம் முன்குறியைத் தேடிய கண், துப்பாக்கியைத் தூக்கியதும் பார்வையைப் பின்னுக்கு இழுத்து லென்ஸுக்குள் புள்ளியைத் தேடும். புள்ளி கிடைக்காது. மணிக்கட்டை ஆட்டி ஆட்டித் தேடுவதற்குள் அரை நொடி போய்விடும். இதற்கு ஒரு எளிய பயிற்சி: லென்ஸின் முன்பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சுடுவது. ஒரு கண் இலக்கைப் பார்க்கும், மறு கண் புள்ளியைப் பார்க்கும், மூளை இரண்டையும் ஒட்டிவிடும். பார்வை லென்ஸுக்குத் திரும்பினால் டேப்தான் தெரியும், தப்பு உடனே பிடிபடும். புதிதாக வந்த இளைஞருக்கு ஒரு மாதத்தில் வருவது பழைய கைக்கு ஆறு மாதம் பிடிக்கலாம், மறப்பதற்கும் சேர்த்து வேலை இருப்பதால்.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். வயதாக ஆகப் பாப்பா சிறுக்கிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. 60 வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சம் 20 வயதில் போனதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வெயிலில் இது தெரியாது. கூரைக்கு அடியிலோ மர நிழலிலோ பழுப்பு அட்டை மண் மேட்டோடு ஒன்றிவிடும்போது தெரியும். இளைஞர்கள் மாட்டும் கறுப்புக் கண்ணாடியை அங்கே கழற்றிவிட்டுத் தெளிந்த லென்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தால், உள்ளே வைக்கும் லென்ஸை எந்தத் தூரத்துக்கு வைப்பது என்று மருத்துவர் கேட்கும்போது நீங்கள் எந்தக் கண்ணால் குறி பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். ரெட் டாட்டுக்கு ஒரு பதில், முன்குறி வைத்த இரும்புக் குறிக்கு இன்னொரு பதில்.

கால். வயதோடு முதலில் போவது வேகமாகச் சுருங்கும் தசை நார்கள். அதனால் மொத்த பலத்தைவிட வெடித்துக் கிளம்பும் சக்தி சீக்கிரம் குறைகிறது. 100 மீட்டர் ஓடச் சொன்னால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் ஸ்டேஜில் ஓடுவது மூன்று, ஐந்து, அதிகம் போனால் எட்டு தப்படி. அந்தத் தூரத்தில் உச்ச வேகத்தை யாருமே தொடுவதில்லை. நேரம் கரைவது இரண்டு முனைகளில், கிளம்பும்போதும் நிற்கும்போதும்.

கிளம்புவதைப் பாருங்கள். கடைசிக் குண்டு போனதும் பலர் துப்பாக்கியை இறக்கி, இலக்கை ஒரு தடவை பார்த்து, நிமிர்ந்து, அப்புறம் காலை எடுக்கிறார்கள். அதில் 0.3 நொடி போகும். இதில் வயதுக்குப் பங்கே இல்லை. இது வெறும் பழக்கம். நிலையில் நிற்கும்போதே முழங்கால் மடங்கி, பாதம் அகலமாக, போகும் பக்கத்துக் கால் தயாராக இருந்தால் கடைசிக் குண்டின் சத்தத்தோடு உடம்பு நகர்ந்துவிடும். நிமிர்ந்து நின்றுவிட்டுத் திரும்ப மடங்கிக் கிளம்புவது முழங்காலுக்கும் இரட்டை வேலை.

நிற்பதில் இன்னும் அதிகம் கிடைக்கும். ஓடி வந்து 'டப்' என்று குதிகாலை ஊன்றி நின்று, பிறகு துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்ப்பது இளம் முழங்காலுக்கான ஆடம்பரம். இரண்டு எட்டு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, துப்பாக்கி கண் மட்டத்துக்கு வந்துவிட்டால், கடைசி எட்டு விழும்போதே முதல் குண்டு போகலாம். அந்த நிலையின் சுலபமான இலக்கை முதலில் எடுத்தால் உடம்பு முழுதாக நிற்கக்கூட வேண்டாம். ஓட்டத்தில் தோற்ற நேரத்தை இங்கே மீட்கலாம். இன்னொன்று: பின்னோக்கி வேகமாக நடக்காதீர்கள். இடறி விழுந்தால் இடுப்பு எலும்புதான். உடம்பைத் திருப்பி முன்னோக்கி ஓடலாம்; துப்பாக்கி முனை மட்டும் எப்போதும் சுடும் திசையில், விரல் ட்ரிகருக்கு வெளியே. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அன்றைய போட்டியிலிருந்து வெளியேற்றம்.

இதற்கான உடற்பயிற்சி நீண்ட ஜாகிங் இல்லை. வாரம் இரண்டு நாள் எடையோடு உட்கார்ந்து எழுவது, படியேறுவது, பக்கவாட்டில் கால் நீட்டி அமர்வது; குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது. கடைசியாகச் சொன்னது குதிகால் தசைநாணுக்கு. காலை எட்டு மணிக்குக் குளிர்ந்த உடம்போடு முதல் ஸ்டேஜில் பாய்ந்து கிளம்பும்போது அறுந்து போகக்கூடியது அதுதான். அதோடு ஐந்து மீட்டர் பாய்ச்சல் நாலைந்து தடவை, இடையில் நல்ல ஓய்வு. மூச்சு முட்டும் வரை செய்தால் அது வேறு பயிற்சியாகிவிடும்.

கையில் வருவது பெரும்பாலும் முழங்கை வலி. வெளிப்பக்கம் வந்தால் டென்னிஸ் எல்போ, உள்பக்கம் வந்தால் கோல்ஃபர் எல்போ. டென்னிஸ் மட்டையைத் தொட்டே இருக்க மாட்டோம். துப்பாக்கியை இறுக்கிப் பிடிப்பதும், அதை நாளைக்கு முந்நூறு தடவை செய்வதும்தான் காரணம். தசை ஒரு வாரத்தில் தேறும். தசைநாணுக்கு மாதங்கள் ஆகும், வயதானால் இன்னும் கூடுதல். அதனால் தோட்டா இல்லாமல் வீட்டில் செய்யும் டிரை ஃபயர் பயிற்சியை ஒரு மணி நேரமாக இழுக்காமல் 15 நிமிடத்தில் நிறுத்துவது புத்திசாலித்தனம். வலி வராமலிருக்கத் தளர்வாகப் பிடித்துப் பழகுகிறேன் என்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. போட்டியில் பிடிக்காத பிடியைப் பழகி என்ன பயன்? முழுப் பிடியோடு முப்பது தடவை போதும். தோட்டா வேறு அறையில் இருக்க வேண்டும், தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும் என்பதை எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் ஒவ்வொரு நாளும் செய்யத்தான் வேண்டும்.

மேஜரா மைனரா என்ற முடிவும் இங்கே வருகிறது. குண்டின் எடையை கிரெயின் என்ற எடை அளவிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர். மைனருக்கு 125 போதும். ஐபிஎஸ்சியின் ஸ்டாண்டர்ட் பிரிவில் மேஜருக்கு 170 வேண்டும். அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு குண்டும் முழங்கையிடம் சொல்லும். மேஜரின் ஒரே ஆதாயம் சி, டி-யில் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு புள்ளி. 22 ஏ போடுகிறவருக்கு அந்த ஆதாயம் ஒரு ஸ்டேஜுக்கு 2 புள்ளி. அதற்காக முழங்கையைக் கொடுக்க வேண்டாம்.

ஞாபகம். 32 குண்டு ஸ்டேஜில் பதினாறு இலக்கை எந்த வரிசையில், எங்கிருந்து, எங்கே தோட்டா மேகசின் மாற்றுவது என்று மனதில் வைப்பது 30-இல் சுலபம். பிறகு அப்படி இல்லை. புதிதாகக் கேட்டதைச் சட்டென்று அடுக்கி வைக்கும் இடம் சுருங்குகிறது. பழைய அனுபவம் அதைப் பாதி ஈடுகட்டும். திட்டத்தை ஒரு தடவை முடிவுசெய்த பிறகு மாற்றாமல் இருந்தால் மீதியும் சரியாகும். கடைசி நிமிடத்தில் யாரோ சொன்ன அருமையான யோசனையைக் கேட்டுத் திட்டத்தை மாற்றி, நடுவில் ஒரு இலக்கையே மறந்துவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். சுடாத இலக்குக்கு இரண்டு தவறு, அதாவது 30 புள்ளி; சுடாமல் விட்டதற்கு ஒரு நடைமுறைக் கழிவு 10, ஆக 40 புள்ளி. ஸ்டேஜிலிருந்து பத்தடி தள்ளி நின்று, கண்ணை மூடி, ஒவ்வொரு இலக்கிலும் குறி உட்காருவதைப் பார்த்து, முதலிலிருந்து கடைசி வரை தடங்கலில்லாமல் மூன்று தடவை ஓட வேண்டும். எங்கேயாவது தடங்கினால் திட்டம் இன்னும் சிக்கலாக இருக்கிறது என்று பொருள்.

காது பற்றிக் கொஞ்சம். வருடக்கணக்கில் சுட்டவர்களுக்கு உயர் சுருதிகள் முதலில் மங்கும். டைமரின் பீப் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளே ஒரு பிளக், மேலே எலக்ட்ரானிக் மஃப் போட்டால் வெடிச்சத்தம் அடங்கி பீப்பும் கேட்கும். டைமரைக் கொஞ்சம் கிட்டே பிடிக்கச் சொல்லி ஸ்டேஜை நடத்தும் ரேஞ்ச் ஆபீசரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். காது அறவே கேளாதவருக்குக் கண்ணுக்குத் தெரியும்படியோ தொட்டோ கட்டளை கொடுக்க விதியே இருக்கிறது.

போட்டி நாள் இன்னொரு விசித்திரம். எட்டு ஸ்டேஜிலும் சேர்த்துச் சுடும் நேரம் மூன்று நிமிடத்துக்குள். மீதி ஏழெட்டு மணி நேரம் வெயிலில் நிற்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது, விழுந்த ஸ்டீல் தட்டுகளைத் தூக்கி நிறுத்துவது. களைப்பு சுடுவதால் வருவதில்லை, நிற்பதால் வருகிறது. ஒரு மடக்கு நாற்காலி, தண்ணீர், நிழல். தன் முறைக்குப் பத்து நிமிடம் முன்னால் எழுந்து, நாலு தடவை உட்கார்ந்து எழுந்து, இரண்டு குட்டிப் பாய்ச்சல். கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் கை நடுக்கத்தைக் குறைப்பதால், உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் பட்டியலில் துப்பாக்கி சுடுதலுக்கு அவை தடை. மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. பெரிய போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் விதியைப் படித்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

ஐபிஎஸ்சியில் 50-ஐத் தாண்டினால் சீனியர், 60-க்கு மேல் சூப்பர் சீனியர், 70-க்கு மேல் கிராண்ட் சீனியர். யூஎஸ்பிஎஸ்ஏ-வில் சீனியர் 55-இல் தொடங்கும், சூப்பர் சீனியர் 65, 70-க்கு மேல் டிஸ்டிங்குவிஷ்ட் சீனியர். ஸ்டேஜும் இலக்கும் தூரமும் எல்லோருக்கும் ஒன்றுதான்; பட்டியல் மட்டும் தனியாக எடுப்பார்கள். அமெரிக்க ரிவால்வர் வீரர் ஜெர்ரி மிகுலெக் 1999இல் ரிவால்வரில் ஆறு சுட்டு, தோட்டா மாற்றி, மறுபடி ஆறு சுட்டு 2.99 நொடியில் முடித்தபோது அவருக்கு 44 வயது. சீனியருக்கு ஆறு வருடம் குறைவு, இருந்தாலும் வெள்ளெழுத்து எட்டிப் பார்க்கும் வயது.

முழங்கால் உண்மையிலேயே மடங்காது என்றால்? தரையோடு இருக்கும் துளை வழியாகச் சுட வேண்டிய ஸ்டேஜ் வரத்தான் செய்யும். உடல் குறையாலோ காயத்தாலோ ஒன்றைச் செய்ய முடியாதவர், அதற்குப் பதிலாக ஒரு கழிவைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஐபிஎஸ்சி விதி இடம் தருகிறது. களத்தின் தலைமை அதிகாரியான ரேஞ்ச் மாஸ்டர் முடிவுசெய்வார். ஒரு நடைமுறைக் கழிவான 10 புள்ளியிலிருந்து, சுட்டெடுத்த புள்ளியில் 20 சதவீதம் வரை போகலாம். வெளிப்படையான பெரிய உடல் குறை என்றால் கழிவே இல்லாமலும் விடலாம். நம் பெரியவரின் 116 புள்ளிக்கு 20 சதவீதம் என்றால் 23. ஹிட் ஃபேக்டர் 6-இல் அது நான்கு நொடிக்குக் கொஞ்சம் குறைவு. சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு எழ அவருக்கு மூன்று நொடி ஆகிறதென்றால் மண்டியிடுவதே லாபம். எழவே முடியாது என்றால் போய்க் கேட்கலாம். பீப்புக்கு முன்னால் கேட்க வேண்டும். சுட ஆரம்பித்த பிறகு கேட்க முடியாது.